காசிக்கு எவ்வளவு தூரம்?

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில், வைகையின் வடகரைப் பக்கத்தில் அமைந்திருக்கிறது பரவை. பொழுது புலர்வதற்கு முன்பே விழித்துக்கொள்ளும் ஊர் இது. இங்குள்ள காய்கறிச் சந்தைக்கு நள்ளிரவு தொட்டே லாரிகள் வந்து நிற்கும். மூட்டை இறக்குவோரின் குரலும் விலை கூறுவோரின் குரலும் கலந்து ஒலிக்க, கீழ்வானம் வெளுக்கும் நேரத்தில் பாதி வியாபாரம் முடிந்திருக்கும்.

பரவை என்னும் சொல்லுக்குக் கடல் என்றும், பரந்த பரப்பு என்றும் தமிழில் பொருள் உண்டு. ஓரெழுத்தை மாற்றினால் அது பறவை ஆகிவிடும். இந்த ஊரைத் தொட்டுச் செல்லும் சாலைக்கும் ஒரு பெருமை உண்டு. பல்லாண்டுக் காலம் தேசிய நெடுஞ்சாலை எண் 7 என்று வழங்கப்பட்ட பெருவழி இதுவே. அதன் ஒரு முனை கன்னியாகுமரி, மறுமுனை காசி. 2,369 கிலோமீட்டர் நீண்டு, நாட்டிலேயே மிக நீளமான நெடுஞ்சாலை என்று பெயர் பெற்றிருந்தது. பிற்காலத்தில் நெடுஞ்சாலைகளின் எண்கள் மாற்றி அமைக்கப்பட்டபோது அந்தப் பழைய எண் மறைந்தது. ஆயினும், சந்தை வாசலில் நின்று வடக்கு நோக்கி நடக்கத் தொடங்கும் ஒருவர், திண்டுக்கல், கரூர், சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாகபுரி, ஜபல்பூர் எனக் கடந்து, இறுதியில் விசுவநாதரின் திருநகரை அடையலாம் என்ற உண்மை மாறவில்லை.

அத்தகைய சாலையின் ஓரத்தில் வாழ்நாள் முழுவதும் காய்கறி வியாபாரம் செய்த முதியவர் ஒருவர், எழுபது வயதைக் கடந்த பின்னும் காசியைக் கண்டதில்லை. பிள்ளைகளின் படிப்பு, மகளின் திருமணம், வீட்டுக் கடன் என ஒவ்வோர் ஆண்டும் ஒரு காரணம் குறுக்கே நின்றது. காரணங்கள் எல்லாம் தீர்ந்தபோது முழங்கால் வலி வந்து நின்றது.

ஒருநாள் மாலை, மகன் கைப்பேசியைத் தந்தையிடம் நீட்டினான். "அப்பா, மதுரை விமான நிலையத்திலிருந்து காசி விமான நிலையத்துக்கு வான்வழியில் 1,800 கிலோமீட்டர்தான். காலையில் புறப்பட்டால் பொழுது சாயும்போது கங்கைக் கரையில் இருக்கலாம்" என்றான்.

தந்தையின் முகத்தில் மகிழ்ச்சி தோன்றவில்லை. "விமானத்தில் போய் வருவது யாத்திரை ஆகுமா?" என்று மட்டும் கேட்டார். அவருடைய பார்வை பூஜையறைப் பக்கம் சென்று திரும்பியது.

கால்நடையாய்ச் சென்ற காலம்

அந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. காசியின் தூரத்தை நம் முன்னோர் கிலோமீட்டரில் அளக்கவில்லை, மாதங்களில் அளந்தார்கள். நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் நடக்க வல்லவருக்கும், மதுரையிலிருந்து காசி சேர மூன்று மாதங்கள் ஆகும். மழைக்காலத்து ஆறுகளும் நோயும் குறுக்கிட்டால் ஆறு மாதங்களும் ஆகலாம். உற்றார் உறவினரிடம் விடைபெற்று, திரும்பி வருவோமா என்பதை இறைவனிடம் ஒப்படைத்துவிட்டே புறப்படுவார்கள்.

1830-ஆம் ஆண்டு மே மாதம் சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்ட ஏனுகுல வீராசுவாமி என்பவர், 1831 செப்டம்பரில் ஊர் திரும்பினார். பல்லக்கும் பரிவாரமும் உடன் இருந்தும் அவருக்குப் பதினைந்து மாதங்களுக்கு மேல் ஆயின. வழியில் கண்டவற்றை அவர் தெலுங்கில் எழுதிவைத்த நூல், அக்காலத்து யாத்திரை எத்தகையது என்பதற்கு இன்றும் சான்றாக விளங்குகிறது.

மதுரைக்கும் காசிக்கும் உள்ள உறவு அதனினும் பழமையானது. அன்னை மீனாட்சியின் மீது பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபர சுவாமிகள், திருமலை நாயக்கர் காலத்தில் மதுரையில் அதனை அரங்கேற்றினார். பின்னர் வடக்கே சென்று, காசியில் கேதார கட்டத்தில் மடம் அமைத்தார். நெடுந்தொலைவு வரும் தமிழ் யாத்ரீகர்களுக்கு அந்த மடம் தாய்வீடு போல் அமைந்தது. யாத்ரீகர்களின் துன்பத்தை உணர்ந்த இராணி மங்கம்மாளும் சாலைகளையும் சத்திரங்களையும் அமைத்தார். மதுரை இரயில் நிலையத்தின் எதிரே அவர் பெயர் தாங்கிய சத்திரம் இன்றும் நிற்கிறது.

இரயில் வந்தபின் மாதங்கள் நாட்களாகச் சுருங்கின. 2023 டிசம்பர் முதல் கன்னியாகுமரியிலிருந்து மதுரை வழியாகக் காசிக்கு வாரம் ஒருமுறை செல்லும் தமிழ்ச் சங்கமம் விரைவு இரயிலும், ஏறத்தாழ இரண்டு நாட்களை எடுத்துக்கொள்கிறது. இப்போது நாட்கள் மணிகளாகச் சுருங்கியிருக்கின்றன.

வானில் ஒரு கணக்கு

மகன் சொன்ன 1,800 கிலோமீட்டர் என்பது, பெருங்குடிக்கு அருகிலுள்ள மதுரை விமான நிலையத்துக்கும், காசி நகருக்கு வடமேற்கே பாபத்பூரில் உள்ள லால் பகதூர் சாஸ்திரி விமான நிலையத்துக்கும் இடையே, பூமியின் வளைவை ஒட்டிப் பறவை பறப்பது போல் அளந்த தூரம். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம், மேலெழும்பவும் கீழிறங்கவும் ஆகும் நேரத்தையும் சேர்த்து, இடைநில்லாது பறந்தால் இரண்டே முக்கால் மணி நேரத்தில் இந்தத் தொலைவைக் கடந்துவிடும்.

ஆனால், மதுரை யாத்ரீகர் பொதுவாக வழியில் ஓர் ஊரில் இறங்கி, வேறு விமானம் ஏறியே காசியை அடைகிறார். எந்த ஊரில் மாறுவது என்பதில் முதியோர் கவனம் கொள்ள வேண்டும். மதுரையிலிருந்து சென்னை 420 கிலோமீட்டர். சென்னையிலிருந்து காசி 1,410 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 1,830 வருகிறது. நேர்வழியைவிட முப்பது கிலோமீட்டரே மிகுதி. பெங்களூரு வழியாகவோ ஹைதராபாத் வழியாகவோ சென்றாலும் கூட்டுத்தொகை 1,840 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. மூன்று வழிகளும் தூரத்தில் ஏறத்தாழ ஒன்றே என்பதால், எந்த ஊரில் காத்திருக்கும் நேரம் குறைவோ அந்த வழியே நல்வழி.

கட்டணம் குறைவு என்பதற்காக டெல்லி வழியைத் தேர்வோர் உண்டு. டெல்லி, காசிக்கும் வடக்கே இருப்பது. காசியைக் கடந்து மேலே சென்று, மீண்டும் தென்கிழக்கே திரும்பி வரவேண்டும். அவ்வழியின் தூரம் 2,740 கிலோமீட்டர். தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட கிலோமீட்டர் வீண் அலைச்சல். முழங்கால் வலி உள்ளவருக்கு அது உகந்ததன்று.

வானில் செல்லும் நேரம் மொத்தம் மூன்றரை மணிக்குச் சற்றுக் கூடலாம். ஆயினும் பரவையில் வீட்டு வாசற்படியைத் தாண்டுவது தொடங்கி, கங்கைப் படிக்கட்டில் கால் வைப்பது வரையில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் கழிந்துவிடும். நகரைச் சுற்றி விமான நிலையம் சேர ஒரு மணி. புறப்பாட்டுக்கு இரண்டு மணி முன்னதாக அங்கே இருத்தல். நடுவில் மாறும் ஊரில் காத்திருத்தல். பாபத்பூரில் இறங்கிப் பெட்டி வாங்கிக்கொண்டு, நெரிசலில் ஊர்ந்து நகருக்குள் செல்லுதல் எனத் தரையிலேயே பெரும்பகுதி கரைகிறது. ஆகவே சக்கர நாற்காலி உதவி தேவைப்படுவோர், சீட்டுப் பதியும்போதே அதனையும் கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். மருந்துகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்வது நலம். கற்பூரமும் தீப்பெட்டியும் கொப்பரைத் தேங்காயும் எளிதில் தீப்பற்றுவன ஆதலால், அவற்றை வீட்டிலேயே விட்டுச் செல்ல வேண்டும்.

சென்று சேர்ந்த மறுநாள் விடியலில் நீராட விரும்புவோர் இன்னொன்றையும் அறிந்திருப்பது நல்லது. காசி, மதுரைக்கு ஐந்து பாகை கிழக்கே, வெகு வடக்கே உள்ளது. எனவே கடிகாரம் ஒன்றாயினும் கதிரவன் உதிக்கும் நேரம் ஒன்றன்று. வைகாசி தொடங்கும்போது காசியில் ஐந்தேகால் மணியை ஒட்டிச் சூரியன் உதித்துவிடும்; மதுரையில் அப்போது உதயத்துக்கு இன்னும் முக்கால் மணி இருக்கும். மார்கழியிலோ இது மாறி, மதுரையில் உதித்துப் பத்து நிமிடம் கழித்தே காசியில் உதயம். ஊர்ப் பஞ்சாங்கத்தின் உதய நேரத்தை நம்பிப் புறப்பட்டால், கோடைக்காலத்தில் கங்கையின் காலைக் காட்சி கைநழுவிப் போகும்.

பூஜையறைச் சொம்பு

இவையெல்லாம் கணக்குகள். பரவைப் பெரியவரின் தயக்கமோ கணக்கில் அடங்காதது. அவருடைய வீட்டுப் பூஜையறையில், அரக்கு வைத்து மூடிய சிறிய பித்தளைச் சொம்பு ஒன்று பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. அது அவருடைய அண்ணன் காசியிலிருந்து கொண்டுவந்த கங்கை. அண்ணன் விமானத்தில் சென்றார். மூன்றே நாட்களில் திரும்பினார். "அடுத்த மாதம் இராமேஸ்வரம் போய் அபிஷேகம் செய்துவிடுவோம்" என்று சொல்லிச் சொம்பைப் பூஜையறையில் வைத்தார். அந்த அடுத்த மாதம் அவருக்கு வாய்க்கவில்லை. அண்ணி நாள்தோறும் அந்தச் சொம்பின் முன் விளக்கேற்றி வருகிறார். அதனை என்ன செய்வது என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை.

விரைந்து சென்றதால்தான் குறைபட்டுப் போயிற்று என்பது தம்பியின் மனத்தில் பதிந்துவிட்ட எண்ணம்.

காசி யாத்திரையின் முறையை அறிந்தவர்களுக்கு அந்தக் குறையின் கனம் விளங்கும். அந்த யாத்திரை காசியில் தொடங்குவதும் அன்று. காசியில் முடிவதும் அன்று. இராமேஸ்வரத்தில் கடலாடி, சங்கல்பம் செய்து, சேதுவின் மணலை எடுத்துக்கொள்ள வேண்டும். அதனைப் பிரயாகையின் திரிவேணி சங்கமத்தில் கரைக்க வேண்டும். காசியில் விசுவநாதரையும் விசாலாட்சியையும் அன்னபூரணியையும் வணங்கி, கயையில் முன்னோர்க்குப் பிண்டம் அளித்து, கங்கை நீரைக் கொண்டு திரும்பி, இராமநாதருக்கு அபிஷேகம் செய்வித்தால்தான் யாத்திரை நிறைவுறும். தென்கடல் மணல் வடக்கே செல்கிறது. வடநதியின் நீர் தெற்கே வருகிறது. இரண்டும் சேர்ந்தே ஒரு யாத்திரை.

விமானம் சுருக்கித் தருவது இந்த வட்டத்தின் நடுப்பகுதியை மட்டும்தான். மதுரையிலிருந்து இராமேஸ்வரம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பக்கூடிய தொலைவு. எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பதாலேயே அது தள்ளிப்போகிறது. ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டரைப் பறந்து கடந்தவர்கள், நூற்றெழுபதைக் கடக்காமல் நின்றுவிடுகிறார்கள். எத்தனையோ இல்லங்களின் பூஜையறைகளில் கங்கைச் சொம்புகள் இப்படிக் காத்திருக்கின்றன.

தந்தையும் மகனும் மௌனமாக இருந்த வேளையில், அதுவரை கேட்டுக்கொண்டிருந்த மனைவி சொன்னார்: "குறை விமானத்தில் இல்லைங்க. அத்தான் போன தூரம் எல்லாம் சரியாகத்தான் போனார். மிச்சம் இருப்பது பக்கத்து ஊர்தான். முதலில் அக்காவையும் அழைத்துக்கொண்டு அந்தச் சொம்பைக் கொண்டுபோய்ச் சேர்ப்போம். நாம் மணல் எடுக்க எப்படியும் அங்கேதானே போக வேண்டும்?"

எளிய சொற்கள். ஆனால் பெரியவருக்கு அவை ஒரு கதவைத் திறந்துவிட்டன. ஓர் யாத்திரை முடிய வேண்டிய இடமே மற்றோர் யாத்திரை தொடங்க வேண்டிய இடம் என்பதை அவர் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

தூரமும் சங்கல்பமும்

காசிக்குச் செல்ல இயலாதவர்களை நம் மரபு ஒருபோதும் கைவிட்டதில்லை என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். வடக்கே செல்ல முடியாதோர் வழிபடுவதற்கென்றே பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியர் தென்காசியில் விசுவநாதருக்குக் கோயில் எழுப்பினார். காசியிலிருந்து கொண்டுவந்த இலிங்கம் வழியிலேயே நிலைகொண்ட இடம் சிவகாசி என்பது தலவரலாறு. மதுரை விமான நிலையத்துக்கு அருகிலுள்ள திருப்பரங்குன்றத்தின் மலையுச்சியிலும் காசி விசுவநாதர் எழுந்தருளியிருக்கிறார். பரவைக்கு மேற்கே, அதே வைகைக் கரையில், ஞானசம்பந்தப் பெருமான் இட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்துச் சென்று கரையேறிய திருவேடகம் இருக்கிறது. அத்தலத்தையும் காசிக்கு நிகரென்று அடியார்கள் போற்றுவர். உடல் இடங்கொடாதவர்களுக்கு இத்தலங்களில் காசியின் பயன் குறைவில்லை. இயன்றவர்களுக்கு விமானமும் இறைவன் அனுப்பிய ஊர்தியே. அதில் ஏறுவதால் யாத்திரையின் பெருமை குன்றிவிடாது.

விமானப் பயணச்சீட்டில் புறப்படும் இடம் இருக்கிறது. சேரும் இடம் இருக்கிறது. நாளும் நேரமும் இருக்கின்றன. யாத்திரையின் தொடக்கத்தில் செய்யும் சங்கல்பத்திலும் இடமும் காலமும் சொல்லப்படுகின்றன. ஆனால் சங்கல்பத்தில் இன்னொன்றும் உண்டு. எதற்காகச் செல்கிறோம் என்பதை அது சொல்லவைக்கிறது. சொல்லிவிட்ட காரியத்தை முடிக்கும் பொறுப்பையும் அது சுமத்துகிறது. கால்நடையாகச் சென்றவருக்கு அந்தப் பொறுப்பை வழிநெடுகிலும் நினைவூட்டக் கல்லும் முள்ளும் இருந்தன. வான்வழியே செல்பவர் தாமே நினைவில் வைத்திருக்க வேண்டும். ஊர் திரும்பும் நாளைக் குறிக்கும்போதே இராமேஸ்வரம் செல்லும் நாளையும் குறித்துவிடுவது அதற்கு எளிய வழி. கங்கை நீரைப் பித்தளை அல்லது செம்புப் பாத்திரத்தில் கசியாதபடி அடைத்து, விமானத்தில் பதிவுச் சாமான்களுடன் அனுப்பிக் கொண்டுவரலாம்.

மிச்சமாகும் நாட்களையும் இறைவனுக்கே அளிக்கலாம். மூன்று நாளில் திரும்பாமல், காசியில் சில இரவுகள் தங்கி, கங்கையின் ஆரத்தியை ஆர அமரக் கண்டு, 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிரயாகைக்கும், 250 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கயைக்கும் களைப்பின்றிச் சென்று வரலாம். முன்னோர் மாதக்கணக்கில் நடந்து பெற்ற மன அமைதியில் ஒரு பங்காவது அப்போது கிடைக்கும்.

அமாவாசைக்கு மறுநாள் பரவையிலிருந்து ஒரு வாடகைக் கார் கிழக்கு நோக்கிப் புறப்பட்டது. முன்னிருக்கையில் மகன், பின்னிருக்கையில் பெரியவரும் அவர் மனைவியும் அண்ணியும். சொம்பு அண்ணியின் மடியில் இருந்தது. பாம்பன் வரும்வரை அவர் யாருடனும் பேசவில்லை. கடலைக் கண்டதும் சொம்பின் மீது கையை வைத்துக்கொண்டார்.

இராமநாதரின் திருமேனியில் கங்கை பொழிந்த சில நொடிகளில், பல ஆண்டுகளாக நின்றுபோயிருந்த ஒரு யாத்திரை நிறைவுற்றது. அன்று பிற்பகல், கடற்கரையில் பெரியவர் சங்கல்பம் செய்துகொண்டு, குனிந்து ஒரு பிடி மணலை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்துகொண்டார். முழங்கால் வலித்திருக்கும், அவர் சொல்லவில்லை.

காசி, கயை யாத்திரையில் விருப்பமான ஒரு காயையும் ஒரு கனியையும் விட்டுவருவது வழக்கம். ஊர் திரும்பும் வழியில், காயை வாழ்நாளெல்லாம் விற்றவர் எந்தக் காயை விடப்போகிறார் என்று மனைவி கேட்டார். "போய்ச் சேர்ந்தபின் விசுவநாதர் கேட்கட்டும்" என்றார் அவர்.

மதுரைக்கும் காசிக்கும் இடையே வான்வழியில் 1,800 கிலோமீட்டர். அந்த வீட்டில் அந்தத் தொலைவு அன்று மாலையே பாதி கடக்கப்பட்டிருந்தது.